களத்தில் காயவைத்த இரண்டு கிலோ

எடை பார்க்கும் கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் அவரோடு ஒரு சண்டை போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எங்கள் காலத்தில் எடை பார்க்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இப்போது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. எழுந்ததும் ஒரு தரம், சாப்பிட்டு ஒரு தரம், மனசு கேட்காமல் இன்னொரு தரம் ஏறி நின்று பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுகிறார்கள்.

போன வாரம் போட்டவள் செல்வி. என்னிடம் வேலை பழகியவள். இன்றைக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ்.

"அக்கா, ஜிம்முல சேந்து பத்து நாளாச்சு. வாயக் கட்டி வயித்தக் கட்டி, வேர்க்க வேர்க்கப் பண்றேன். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கு! இன்னையோட நின்னுரலாமான்னு பாக்கறேன்."

"அடியே, நீயெல்லாம் ஒரு நர்சா? சேகோ மில்காரர் சமாச்சாரத்த மறந்துட்டியா?"

"அதை நீங்க சொன்னதே இல்லக்கா."

சொன்னதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். "அப்படின்னா எழுதிக் குடுங்க, எங்க வார்டுப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சேலம் டவுன்காரி. பெயர் ஜமீலா. அத்தாவுக்குச் சாக்கு வியாபாரம். ஜவ்வரிசி ஆலைகளுக்கெல்லாம் அவர்தான் சாக்கு போடுவார். பெண் பிள்ளையை நர்சு வேலைக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தா, "நாளைக்கு உங்களுக்கு நோவு வந்தா யாரு பாப்பாங்க?" என்று கேட்டதோடு முடித்துவிட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்காததற்குத் திட்டு வாங்கியதும், வெந்நீர் சுமந்ததும்தான் நினைவில் நிற்கின்றன. கூடவே ஒரு பாடத்தை அடித்து ஏற்றியிருந்தார்கள். நெஞ்சுவலி வந்தவர் படுக்கையை விட்டு அசையக் கூடாது. வாரக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். சோற்றைக்கூட நாங்கள்தான் ஊட்டிவிடுவோம்.

எழுபதுகளின் கடைசியில் டாக்டர் சபாபதியின் நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மனிதர் நான் படித்ததையெல்லாம் தலைகீழாகக் கவிழ்த்தார். நெஞ்சுவலி வந்து ஆறியவர்களை எழுப்பி உட்கார வைப்பார். அப்புறம் நிற்க வைப்பார். வீட்டுக்கு அனுப்பும்போது நடக்கச் சொல்வார். நோயாளியின் சொந்தங்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொலைகாரனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

ஒல்லியான ஆள். அதிர்ந்து பேச மாட்டார். நோயாளியைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" கூட வந்தவர்களையும் அதையேதான் கேட்பார். "பயப்படாதீங்க" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே வராது. நாங்கள் சொன்னாலும் கோபம் வந்துவிடும். "அதச் சொன்னாத்தாம்மா ஜனங்களுக்கு பயமே வருது. சாப்பிட்டாச்சான்னு கேளு. சோறு கேக்கற எடத்துல சாவு இருக்காதுன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க" என்பார்.

எடை பார்ப்பதில் அவரைப் போல் ஒருவரை நான் கண்டதில்லை. எங்கள் தராசு நின்று பார்ப்பது. கண் உயரத்துக்கு ஒரு தண்டு, அதில் தள்ளிவிடும் குண்டு இரண்டு. காலையில் வெறும் வயிறு. ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும். செருப்பு கூடாது. எங்கள் பக்கத்து ஆண்கள் இடுப்பில் அகலப் பச்சை பெல்ட் கட்டியிருப்பார்கள். அதற்குள் பணம், சாவி, வெற்றிலை, பாதி வீட்டுச் சாமானே இருக்கும். அதைக் கழற்றாமல் தராசில் ஏற்றினால் எனக்குத்தான் திட்டு. "நான் கேட்டது ஆளோட எடைம்மா, பெட்டிக்கடையோடது இல்ல."

இதயம் பழுதானவர்களுக்கு இவ்வளவு கறாராக எடை பார்க்கக் காரணம் உண்டு. இதயத்துக்கு இறைக்கத் திராணி இல்லாமல் போனால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்குவது கண்ணில் படும் முன்பே தராசில் அது தெரிந்துவிடும். அதனால் வீட்டுக்குப் போகிறவர்களிடம், "எடை திடீர்னு ஏறுனா உடனே வாங்க" என்று அழுத்திச் சொல்லி அனுப்புவோம்.

அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் ஒருவர்தான் பழனியப்பன். ராசிபுரம் பக்கம் சேகோ மில் வைத்திருந்தார். குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஆலை. ஐம்பது வயதுதான். மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, வேறோர் ஊரில் வைத்தியம் பார்த்து, மூன்று மாதம் படுக்கையில் போட்டுவிட்டார்கள். எங்களிடம் வரும்போது காலெல்லாம் சூம்பியிருந்தது. கூட வந்த மனைவி பாவாயி அம்மாள் நல்ல தாட்டியான பெண்மணி. டாக்டர் "இனிமே தெனமும் நடக்கட்டும்" என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, செத்துப் பொழச்ச மனுசனுங்க. ஊட்டுக்குள்ளயே நான் நடக்க உடறதில்ல. ரோட்டுல நடந்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உழுந்தாருன்னா, ஓடியாந்து தாங்கறதுக்கு நீங்களா வருவீங்க?"

"நான் வர முடியாது. நீங்க கூட நடங்க" என்றார் டாக்டர்.

அந்த அம்மாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து மில் களத்தைச் சுற்றி நடை. முதலாளி முன்னால் மெல்ல நடக்க, பாவாயி அம்மாள் ஒரு மர முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். மனுசனுக்கு ஒன்று என்றால் அந்த நிமிஷமே முக்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட வேண்டுமாம். ஒரு தடவை மாத்திரை கொடுக்கப் போன எங்கள் வார்டு பையன் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தை நேரில் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம். மூன்று மாதமாக அந்தப் பெண்மணி ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

நடக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பாவாயி அம்மாளுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மணி, ரெண்டு கிலோ ஏறிப்போச்சு! மில்லுத் தராசுல நானே நிறுத்துப் பாத்தேன். நடக்க வேண்டாம் நடக்க வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே. யாரு கேட்டா?"

மில் தராசு மூட்டை நிறுக்கிறது, ஆளுக்குச் சரிப்படாது என்று நினைத்து எங்கள் தராசில் ஏற்றினேன். பெல்ட்டைக் கழற்றி, சாவிக் கொத்தை வாங்கி வைத்து, மறுபடியும் நிறுத்தேன். இரண்டு கிலோ கூடுதல்தான். நாங்கள் வாசலில் நின்று எச்சரித்தது இதைத்தானே?

டாக்டர் வந்தார். "சாப்பிட்டீங்களா?" என்றார். பாவாயி அம்மாள் அழ ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவர் செய்ததை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரமே படவில்லை. முதலில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினார். எடுத்தார். குழி விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். விழவில்லை. சாய்ந்து படுக்க வைத்து, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று பக்கவாட்டில் வெளிச்சம் பட வைத்துப் பார்த்தார். முதுகில் அடிப்பக்கம் இரண்டு புறமும் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். அங்கே நீர் கோத்திருந்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இரண்டும் ஒரே அளவு. இரவில் தலையணை எத்தனை வைத்துப் படுக்கிறார், மூச்சு முட்டி எழுகிறாரா என்று கேட்டார். எதுவும் இல்லை.

"சரி, கெண்டக்கால் நோவுதா?"

"ஆமாங்க டாக்டரு" என்றார் பழனியப்பன். "நடந்த மறுநாளே புடிச்சுக்கிச்சுங்க. படியெறங்கறப்ப உசிரு போகுது. சொன்னா இவ நடக்கவே உடமாட்டாளேன்னு சொல்லலீங்க."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். அவர் அதைப் பைக்குள் போட்டாலே நல்ல சேதி என்று எங்களுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல. மூணு மாசம் சும்மா கெடந்த சதை. திடீர்னு வேல குடுத்தா நோவும், லேசா வீங்கும். நோவு ஆறறதுக்கும் வேலைக்கும் கொஞ்சம் தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும். புதுசா உடற்பயிற்சி செய்யற யாருக்கும் வர்றதுதான். இந்த ரெண்டு கிலோ கொழுப்பும் இல்ல, சீக்கும் இல்ல. தண்ணி. ரெண்டு மூணு வாரத்துல தானா வடிஞ்சிரும். நடைய நிறுத்தாதீங்க. வழக்கமா சாப்பிடறத சாப்பிடுங்க."

"வெறும் தண்ணிதானுங்களா?" என்று கேட்டார் பழனியப்பன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? ஈரம்தானே!"

சாக்குக்காரர் மகளான எனக்கு அந்த ஈரம் என்ற சொல்லைக் கேட்டதும் உறைத்திருக்கலாம், உறைக்கவில்லை. ஜவ்வரிசித் தொழிலே ஈரத்தோடு கட்டும் மல்லுதான். ஈரமாவு கனக்கும். அதைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, உச்சி வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைப்பார்கள். எடை இறங்க இறங்கச் சரக்கு சுத்தமாகும். ஈரச் சரக்கை விற்கிறவன் அயோக்கியன் என்று பேர் வாங்குவான். முப்பது வருஷமாக அதையே பார்த்து வந்த மனிதர், தன் உடம்பில் இரண்டு கிலோ ஈரம் இருக்கிறது என்று தெரிந்தால் வேறென்ன செய்வார்?

வீட்டுக்குப் போனதும் தண்ணீரை நிறுத்திவிட்டார். மோர் கிடையாது, ரசம் கிடையாது. சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டிருக்கிறார். விடிகாலை நடையை உச்சிவேளைக்கு மாற்றிக்கொண்டார். பங்குனி வெயிலில் சட்டையில்லாமல், காய்கிற மாவுக்கு நடுவே களத்தில் நடை. பாவாயி அம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முக்காலியோடு பின்னாலேயே. கேட்டவர்களிடம் முதலாளி, "டாக்டருதான் தண்ணின்னு சொன்னாரே, காஞ்சாத்தான் போகும்" என்று சொல்லியிருக்கிறார். தினமும் மில் தராசில் ஏறிப் பார்ப்பது, இறங்கியிருக்கிறதென்று எல்லோரிடமும் பெருமையடிப்பது. கிளறுகிற பெண்களிடம், "பாத்தீங்களா புள்ளைங்களா, நம்ம சரக்கு எப்படிக் காயுது!" என்று கேட்டாராம்.

நாலைந்து நாளில் ஒரு மத்தியானம், களத்திலேயே சாய்ந்துவிட்டார்.

மில் லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. நாக்கு மரக்கட்டையாகக் காய்ந்திருந்தது. புறங்கையின் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. நாடி ஓடுகிறதே தவிரக் கைக்குச் சரியாகச் சிக்கவில்லை. ரத்த அழுத்தம் தரைமட்டம். காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை என்றார்கள். பாவாயி அம்மாள் லாரியிலிருந்து குதித்து இறங்கினார். இடுப்பில் அந்த முக்காலி அப்போதும் இருந்தது.

டாக்டர் அவரைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சங்கடம் இதுதான். உடம்பு வறண்டு கிடக்கிறது. குளுக்கோஸ் சலைன் ஏற்றாவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஏற்றலாம்தான். ஆனால் ஏற்கனவே அடிபட்ட இதயம். வாய்க்காலில் திறந்துவிட்ட மாதிரி சரசரவென்று ஏற்றினால் அதால் இறைக்க முடியாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இந்தப் பக்கமும் சாவு, அந்தப் பக்கமும் சாவு. நடுவில் கோடு எங்கே இருக்கிறதென்று காட்டும் கருவி எதுவும் அன்று எங்களிடம் இல்லை.

டாக்டர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே காத்திருந்த நோயாளிகளையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். சலைன் பாட்டிலின் திருகை அவரே கையில் பிடித்துக்கொண்டு, சொட்டு விழுவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஏறியதும் திருகை இறுக்குவார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். சத்தம் இல்லை என்றால் மறுபடி கொஞ்சம் தளர்த்துவார். நான் அழுத்தம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை முதுகில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் ரொம்ப நேரம் கேட்டார். கடைசியில் தலையை மட்டும் ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

பாவாயி அம்மாள் கதவோரம் முக்காலியைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை. நான் அந்தப் பக்கம் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, நடக்காம படுக்கையில கெடந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? நேராச் சொல்லு சாமி. இனி என்ன ஆனாலும் அவர நடக்க உடமாட்டேன். கட்டிலோட கட்டிப் போட்டாச்சும் உசுரோட வெச்சுக்கறேன்."

பிழைத்தாலும் இந்த மனிதர் இனிக் கட்டிலோடுதான், அதுவே மெல்லக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

பொழுது சாய்ந்து விளக்குப் போடுகிற நேரம். பழனியப்பன் கண்ணைத் திறந்து என்னவோ முனகினார். குனிந்து கேட்டேன். "ஒண்ணுக்கு வருதுங்க" என்றார்.

யா அல்லா! என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான சொல்லை நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்து வைத்தேன். கடுங்காப்பி நிறத்தில்தான் போனார், ஆனால் போனார். அந்தப் பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். நான் வராந்தாவுக்கு ஓடி, "அம்மா, ஒண்ணுக்குப் போயிட்டாருங்க!" என்று கத்தினேன். மானம் வெட்கம் எதுவும் தோன்றவில்லை. பாவாயி அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதார். மில்லிலிருந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர், "போயிட்டாருங்களாம், போயிட்டாருங்களாம்" என்று சொல்ல, புதிதாக உள்ளே வந்த ஒருவர் விஷயம் புரியாமல் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

டாக்டர் வெளியே வந்தார். ஸ்டெதாஸ்கோப் பைக்குள் இருந்தது. பாவாயி அம்மாளைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பழனியப்பனைத் தராசில் ஏற்றினேன். இரண்டு கிலோ திரும்ப ஏறியிருந்தது. அவர் முகம் தொங்கிப்போனது. "அத்தன வெயிலும் வீணாப் போச்சுங்களே!" டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"உங்க மாவுக்கு ஈரம் போனாத்தான் வெல. உங்க ரத்தத்துக்கு ஈரம் இருந்தாத்தான் உசுரு. வெயில்ல காயறது சதையில இருக்கற தண்ணி இல்ல, ரத்தத்துல இருக்கறது. சதையில நிக்கறது அதோட நோவு ஆறுனா தானாத்தான் எறங்கும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். விடிகாலையில நடங்க, தாகத்துக்குத் தண்ணி குடிங்க, வாரத்துக்கு ஒரு தரம் மட்டும் எடை பாருங்க."

அப்புறம் பாவாயி அம்மாள் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். டாக்டர் வாதாடவில்லை. "தராசுல ஏறுங்கம்மா" என்றார்.

"எனக்கெதுக்குங்க?"

"ஏறுங்க."

முக்காலியைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். நாங்கள் முதலில் அவர்களைப் பார்த்தபோது, விளையாட்டாக அவரையும் நிறுத்திருந்தேன். அதைவிட இப்போது ஒரு கிலோ கூடியிருந்தது. அந்த அம்மாளுக்குக் கண் அகன்றது.

"கெண்டக்கால் நோவுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"நோவுதுங்க. முக்காலியத் தூக்கிக்கிட்டு சுத்துனா நோவாதுங்களா?"

"உங்களுக்கு நெஞ்சுவலி உண்டா?"

"எனக்கெதுக்குங்க நெஞ்சுவலி! கல்லாட்டம் இருக்கறேன்."

"அப்ப உங்களுக்கு ஏறுன அதே தண்ணிதான் அவருக்கும் ஏறியிருக்கு."

பாவாயி அம்மாள் தராசிலேயே நின்றுகொண்டிருந்தார். புருஷனைப் பார்த்தார், தராசுக் குண்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். வேறு எந்த விளக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை. இறங்கி, "நாளைலேருந்து விடியறதுக்கு முந்தியே கெளம்பீரணுங்க, பொறவு வெயில் ஏறிக்கும்" என்று புருஷனிடம் சொன்னார்.

செல்வி, உனக்கும் இதேதான். இரண்டு மூன்று வாரம் பொறு. தண்ணீரைக் குடி. நெஞ்சு முட்டினாலோ, காலில் குழி விழுந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ டாக்டரிடம் ஓடு. இல்லாவிட்டால் அந்தக் கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்.

பழனியப்பனுக்கு அந்த இரண்டு கிலோ டாக்டர் சொன்ன மாதிரியே சத்தமில்லாமல் இறங்கியது. அதன் பிறகும் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஓரிடத்தில் நின்றது. மழைக்காலம் தொடங்கியபோது இருவரும் உடம்பைக் காட்ட வந்தார்கள். டாக்டர் பார்த்து முடித்து ஸ்டெதாஸ்கோப்பைப் பைக்குள் போட்டார். கிளம்பும்போது பாவாயி அம்மாள் மட்டும் திரும்பி என்னிடம் வந்தார். இடுப்பிலிருந்து முக்காலியை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் அம்மணி. தராசுல ஏறி எறங்கற பொம்பளைங்க யாராச்சும் ஒக்காந்துக்கட்டும்."

"ஏனுங்க, உங்களுக்கு வேண்டாமா?"

"என்னத்துக்கு? அந்த மனுசன் இப்ப எனக்கு முந்தி போயி நின்னுக்கிட்டு, வெரசா வா வெரசா வான்னு சத்தம் போடறாரு. இதையும் தூக்கிக்கிட்டு நான் எங்க அவர எட்டிப் புடிக்கறது!"